425-லிருந்து இறங்கிய கதை

மார்பகத்தைப் பெரிதாக்க இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளப் போன முதல் தடவை நம்பரைச் சொன்னது நான்தான். மாதிரி இம்ப்ளான்ட்டுகளை ஒரு ஸ்போர்ட்ஸ் ப்ராவுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, மேலே டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். 325 சிசி, அதாவது 325 மில்லி கொள்ளளவு, போதாது போலத் தெரிந்தது. 375 நன்றாக இருந்தது. ஏற்கெனவே செய்துகொண்ட இரண்டு பேரை விசாரித்தேன். இருவரும் "இன்னும் கொஞ்சம் பெரிசா வெச்சிருக்கலாம்" என்றார்கள். செய்வதுதான் செய்கிறோம், குறை வைப்பானேன் என்று மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து 425 என்றேன். மறுமுனையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

ஒன்பது வருஷம் கழித்து, அந்த இரண்டையும் எடுத்துவிட்டு வேறு வைக்கவேண்டிய நிலைமையில் இன்னொரு டாக்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் மனசில் ஒரு நம்பரோடுதான் போயிருந்தேன்: 350. அதை அவர் கேட்கவே இல்லை. மேசை டிராயரிலிருந்து டேப்பை எடுத்தார்.

என்ன ஆகியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்புக்குள் எந்த அந்நியப் பொருளை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்ளும். அது இயல்பு, எல்லோருக்கும் நடப்பது. அந்த உறை சிலருக்குத் தடித்து இறுகிவிடும். உள்ளே இருக்கும் இம்ப்ளான்ட்டைப் பிடித்து நெருக்கும். இதை பேக்கர் அளவுகோல் என்று 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் தொட்டாலும் தெரியாது, 3 என்றால் கெட்டியாகி உருவமும் மாறியிருக்கும், 4 என்றால் அதோடு வலியும் சேரும். என் வலது பக்கம் 3. இடது பக்கத்துக் கதை நேர் எதிர். அங்கே உறை தளர்ந்து, இம்ப்ளான்ட் மார்பின் கீழ் மடிப்பையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. மேல் பாதி காலி, கீழ் பாதி பாரம், காம்பு வானத்தைப் பார்த்தது.

நான் துணி மாற்றும்போது பார்த்த அக்கா கேட்டாள், "இடது பக்கம் மட்டும் பெரிசா வெச்சுட்டாங்களாடி?" இல்லை. முதல் அறுவை சிகிச்சையின்போது கொடுத்த இம்ப்ளான்ட் கார்டில் இரண்டு பக்கமும் 425தான் எழுதியிருந்தது. ஒரே அளவு ஒரு பக்கம் சின்னதாகவும் உயரமாகவும், இன்னொரு பக்கம் பெரியதாகவும் தாழ்ந்தும் தெரிந்தது. சிசி என்ற கணக்கின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டிருக்க வேண்டும். ஆனால் 350 என்ற நம்பரைப் பிடித்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனேன். மனுஷ மனசு அப்படி.

டேப் சொன்னது இதுதான். என் மார்பகத்தின் அடி அகலம் 12 சென்டிமீட்டர். உள்ளே இருந்த இம்ப்ளான்ட்டின் குறுக்களவு 13 சென்டிமீட்டருக்கு மேல். அதாவது ஒன்பது வருஷமாக என் மார்பை விட அகலமான ஒரு தட்டை அதற்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கையைத் தொங்கவிட்டால் பக்கவாட்டில் உரசியதற்கும், படுத்தால் அக்குள் பக்கம் சரிந்ததற்கும், குனிந்தால் ஓரத்தில் அலை அலையாகச் சுருக்கம் தெரிந்ததற்கும் காரணம் அந்த ஒரு சென்டிமீட்டர்தான். எனக்கு வயசாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த அகலத்தைப் பற்றி முதல் தடவை யாரும் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சிசி என்பது கொள்ளளவு மட்டும். ஒரே 300 சிசி தட்டையான வகையில் அகலமாகப் பரவும், தூக்கலான வகையில் குறுகலாகி முன்னால் தள்ளும். இந்தத் தூக்கலைத்தான் ப்ரொஃபைல் என்கிறார்கள். ஒரே கொள்ளளவில் ப்ரொஃபைலை மாற்றினாலே அகலம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் மாறிவிடும். ஒரு சொம்புத் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றுவதற்கும் டம்ளரில் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே "எத்தனை சிசி?" என்று கேட்பது பாதிக் கேள்வி. எத்தனை அகலத்துக்குள், எவ்வளவு தூக்கலோடு என்பது மீதி. அகலம் உங்கள் எலும்பும் தசையும் கொடுத்தது, பேரம் பேச முடியாது. அதை முடிவு செய்துவிட்டால் சிசியில் மிஞ்சுவது மூன்று நான்கு தேர்வுகள்தான்.

இப்படி அளந்து முடிவு செய்வது புதிய விஷயமும் இல்லை. ஜான் டெபெட்ஸ், வில்லியம் ஆடம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க சர்ஜன்கள் ஐந்து அளவுகளை வைத்தே இம்ப்ளான்ட்டை முடிவு செய்யும் முறையை 2005இல் எழுதி வைத்திருக்கிறார்கள். அடி அகலம், தோலை முன்னால் இழுத்தால் எவ்வளவு நீள்கிறது, காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரை எவ்வளவு தூரம், மேல் பகுதியைக் கிள்ளிப் பிடித்தால் எவ்வளவு தடிமன் வருகிறது என்று போகும் அந்தக் கணக்கு. கிள்ளினால் 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக வந்தால் இம்ப்ளான்ட்டைத் தசைக்கு அடியில் வைப்பது நல்லது, இல்லாவிட்டால் அதன் விளிம்பு வெளியே தெரியும் என்பது போன்ற விதிகள் இதிலிருந்து வந்தவை. நான் 425 என்று போனில் சொன்னதற்கு வெகு காலம் முன்பே இதெல்லாம் அச்சில் இருந்தது. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது, பாதி என் மேலேயே.

சரி, ரிவிஷனுக்கு, அதாவது ஏற்கெனவே வைத்ததை எடுத்துச் சரிசெய்யும் மறு அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். முதல் அறுவை சிகிச்சையில் அளவு தேர்ந்தெடுப்பதும் ரிவிஷனில் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டுவது, பல்பு மாற்றுகிற மாதிரி என்று நினைத்துப் போனவள் நான்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அளந்த அரிசியை ஸ்டாக்கிங்கில் கட்டி ப்ராவுக்குள் வைத்துப் பார்ப்பது முதல் தடவை செய்பவர்களிடம் பிரபலமான வழி. துல்லியம் கிடையாது, ஒரு தோராயம் கிடைக்கும். நானும் கட்டினேன், கட்டிய பிறகுதான் உறைத்தது: என் உள்ளே ஏற்கெனவே 425 இருக்கிறது. கூட்டிப் பார்க்கலாம், கழித்துப் பார்க்க வழியில்லை. அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். கேமராவில் முப்பரிமாணப் படம் எடுத்துக் காட்டும் கருவிக்கும் இதே சிக்கல். அது வெளித்தோலைத்தான் பார்க்கும். உள்ளே எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு வைத்தது என்று அதற்குத் தெரியாது. டாக்டர் கேட்டது வேறு: முதல் அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த போட்டோ இருக்கிறதா?

இருந்தது. ஒன்பது வருஷமாகத் திறந்து பார்க்காத ஒரு ஃபோல்டரில். அன்று அழிக்கப் போய் அழிக்காமல் விட்டது. அந்தப் படத்தில் இருந்தவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு ஒன்றும் சின்னதாகவும் இல்லை. ரிவிஷனுக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே உருப்படியான யோசனை இதுதான்: அந்தப் படங்களைத் தேடி எடுங்கள். இம்ப்ளான்ட் கார்டையும் எடுத்துவையுங்கள். நிறுவனம், கொள்ளளவு, ப்ரொஃபைல், மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். கார்டு தொலைந்திருந்தால் அறுவை சிகிச்சைக் குறிப்பை முதல் இடத்தில் கேட்டு வாங்கலாம். உப்புநீர் வகை வைத்திருந்தால் கார்டில் இருக்கும் அளவும் உள்ளே நிரப்பிய அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, 300 என்று எழுதிய பையில் 330 நிரப்பியிருக்கலாம். அதையும் குறிப்பில்தான் பார்க்க வேண்டும்.

சொரசொரப்பு என்றதும் ஒன்று. 2019 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கேட்டுக்கொண்டதன் பேரில், அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை சொரசொரப்பு இம்ப்ளான்ட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அந்த வகையோடு தொடர்புபட்ட ஒரு அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய்தான் காரணம். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் அதற்காகவே எடுத்துவிட வேண்டியதில்லை என்றும் அப்போதே சொன்னார்கள். என்னுடையது அந்த வகை இல்லை. ஆனாலும் ரிவிஷனில் எதை வைப்பது என்ற பேச்சில் இது வராமல் இருக்காது, வர வேண்டும்.

அப்புறம் தோல். 425 சிசி சிலிக்கோன் 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல் எடை. இரண்டு பக்கமும் சேர்த்தால் 800 கிராமுக்கு மேல், ஒன்பது வருஷம், ராத்திரி பகல். தோல் நீண்டுவிட்டது. எனக்கே சொந்தமான சதை அழுத்தத்தில் மெலிந்துவிட்டது. டாக்டர் கீழ்ப்பகுதியைக் கிள்ளிப் பார்த்தபோது ஒரு சென்டிமீட்டர்கூட வரவில்லை. இப்போது சின்னதை வைத்தால் தோல் தொங்கும். பெரியதை வைத்தால் தோல் நிமிரும். ரிவிஷனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் முச்சந்தி இது என்று நினைக்கிறேன்.

நானும் நின்றேன். "அதே அளவோ, இன்னும் கொஞ்சம் பெரிசோ வெச்சா லிஃப்ட் தேவைப்படாதில்ல, டாக்டர்?" என்று கேட்டேன். லிஃப்ட் என்றால் தொங்கும் தோலை வெட்டி மார்பைத் தூக்கித் தைப்பது. அதில் கூடுதல் தழும்பு, காம்பைச் சுற்றி ஒன்று, கீழே செங்குத்தாக ஒன்று.

"இன்னிக்கு நிமிரும். அந்த எடை நாளைக்கு எங்க போகும்னு நினைக்கிறீங்க?" என்றார். ஏற்கெனவே ஒரு தடவை நீண்டு களைத்த தோல் இது, புதுசு இல்லை என்றார். கடன் அடைக்கக் கடன் வாங்குகிற மாதிரி என்று நானே மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சின்னதை வைப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மார்புக்குள் 13 சென்டிமீட்டர் இம்ப்ளான்ட் உட்கார்ந்திருந்த இடத்துக்குள், பை என்பது அதைத்தான், பதினொன்றரை சென்டிமீட்டர் இம்ப்ளான்ட்டைப் போட்டால் அது உள்ளே உருண்டுகொண்டிருக்கும். பெரிய தலையணை உறைக்குள் குழந்தையின் தலையணையைத் திணித்தது போல. அதனால் அளவைக் குறைப்பவர்களுக்கு அறுவை சிகிச்சை சுருங்குவதில்லை, நீள்கிறது. உறையின் உட்சுவரைத் தைத்துப் பையைச் சிறிதாக்க வேண்டும். கீழ் மடிப்பைப் பழைய இடத்தில் திரும்பக் கட்ட வேண்டும். சிலருக்குப் பழைய பையை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒரு பையே உருவாக்குவார்கள். தையலுக்குப் பலம் போதாத இடத்தில் வலை போன்ற ஒரு தாங்கியை வைப்பதும் உண்டு. என் வலது பக்கத்தில் இறுகிய உறையை எடுத்துவிட வேண்டியிருந்தது. எடுத்தால் இம்ப்ளான்ட்டுக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் போர்வை இன்னும் மெலியும். ஒவ்வொன்றும் அளவைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. மெலிந்த போர்வைக்கு அடியில் பெரியதை வைத்தால் சுருக்கம் தெரியும். பலவீனமான தையல் மேல் எடையை ஏற்றினால் மறுபடியும் இறங்கும்.

இடையில் ஒரு நாள் அவர் சாதாரணமாகக் கேட்டார், "பூஜ்யமும் ஒரு அளவுதான். அதை யோசிச்சீங்களா?" யோசித்திருக்கவில்லை. எடுத்துவிட்டு அப்படியே இருந்துவிடலாம், லிஃப்ட் மட்டும் செய்துகொள்ளலாம், வேண்டுமானால் உடம்பின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்துக் கொஞ்சம் நிரப்பலாம். வைத்த கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும் என்பதால் அதில் பெரிய அளவு எதிர்பார்க்க முடியாது. இரண்டு வாரம் அதை நிஜமாகவே யோசித்தேன். எஃப்டிஏ 2021இல் இம்ப்ளான்ட்டுகளுக்குக் கடுமையான எச்சரிக்கைக் குறிப்பு கட்டாயம் என்று சொன்னபோது அதில் முதலில் இருந்த விஷயம், இவை வாழ்நாள் முழுக்க இருக்கும் சாதனங்கள் அல்ல என்பது. அது எனக்குப் புதுச் செய்தி இல்லை, உடம்பிலேயே படித்தாகிவிட்டது. இப்போது வைத்தால் இன்னொரு தடவை இதே மேசையில் படுக்க வேண்டிவரலாம். தெரிந்தும் வைத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிர நேர்மையான பதில் எதுவும் இல்லை. பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு தோழி நிம்மதியாக இருக்கிறாள். அவள் கணக்கு அவளுக்கு. புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்டுப் பிறகு மறுசீரமைத்துக்கொண்டவர்களின் கணக்கு முற்றிலும் வேறு, அதை நான் பேசத் தகுதி இல்லை.

ப்ரா கப் கணக்கை மட்டும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். "எனக்கு சி கப் வேண்டும்" என்று எந்த சர்ஜனிடமும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு நிறுவனத்தின் சி இன்னொரு நிறுவனத்தில் டி. அதுவும் போக 32 அளவுப் பட்டையில் வரும் சியும் 38 அளவுப் பட்டையில் வரும் சியும் கொள்ளளவில் வேறு வேறு. அடுத்தவர் போட்டோவைக் காட்டி "இவங்களுக்கு 350, எனக்கும் அதே" என்பதும் அப்படித்தான். அவருடைய நெஞ்சுக்கூடு அவருடையது. போட்டோவைக் காட்டுவது தப்பில்லை, எந்த உருவம் பிடிக்கிறது, மேல் பகுதி எவ்வளவு நிரம்பியிருப்பது பிடிக்கிறது என்று சொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. கீழே எழுதியிருக்கும் நம்பரை மட்டும் மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.

கடைசியில் எங்களுக்குள் முடிவானது ஒரு நம்பர் இல்லை. அகலம் பதினொன்றரை சென்டிமீட்டர், அதிகம் போனால் அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 260 முதல் 310 சிசி வரை எது பொருந்துகிறதோ அது. சம்மதப் படிவத்தில் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை வைக்கும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. முன்பு 25 சிசிக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டவள் நான். 25 சிசி என்பது இரண்டு மேசைக்கரண்டிகூட இல்லை என்று பிறகு அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். 375-லிருந்து 425-க்கு ஏற நான் அன்று போட்ட ஆட்டம் எல்லாம் பக்கத்துக்கு மூன்று கரண்டி சொச்சத்துக்காக.

மயக்கத்தில் இருந்ததால் நடந்ததைக் குறிப்பில் படித்துத்தான் அறிந்தேன். பழையதை எடுத்து, பையைச் சரிசெய்து, சைசர் என்ற, அளவு பார்ப்பதற்கான தற்காலிக இம்ப்ளான்ட்டுகளை உள்ளே வைத்து, அறுவை மேசையின் முதுகை நிமிர்த்தி என்னை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். படுத்திருக்கும் மார்பு ஒரு கதை சொல்லும், உட்கார்ந்திருக்கும் மார்பு இன்னொன்று. இரண்டு பக்கமும் 275 வைத்துப் பார்த்தபோது இடது பக்கம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு இயற்கையிலேயே இடது பக்கச் சதை குறைவு, பழைய போட்டோவிலேயே அது இருந்தது, முதல் தடவை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் வலது 275, இடது 300, அதே அகலத்தில் கொஞ்சம் கூடுதல் தூக்கல். லிஃப்டும் அப்போதே செய்துவிட்டார்கள்.

இனிமேல் சொல்வதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கட்டு பிரித்த அன்று கண்ணாடியைப் பார்த்து அழுதேன். எல்லாம் போய்விட்டது போலிருந்தது. வீக்கம் இருந்தும்கூட! உருவம் படிய மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. முதல் தடவையும் இதே கண்தான். அன்று 425 பிரம்மாண்டமாகத் தெரிந்து, மூன்றே மாதத்தில் "இவ்வளவுதானா" என்று ஆகியிருந்தது. இப்போது அதே கண் ஒன்பது வருஷத்து 425-ஐ வைத்து 275-ஐ அளக்கிறது. அளவுகோலே நீண்டு போயிருந்தது, தோலைப் போலவே.

அக்காதான் அந்த இரண்டு வாரமும் கூட இருந்தாள். ஒரு நாள் நான் கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, "உன் பழைய சட்டை எதையாவது எடுத்துப் போடேன்" என்றாள். முதல் அறுவை சிகிச்சைக்கு முந்தைய சட்டை. கை தூக்க முடியாததால் அவளே போட்டுவிட்டாள். பட்டன் மாட்டவில்லை, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடைவெளியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

நான்காம் மாதம் வாக்கில் கண் சரியானது. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் கண்ணாடியைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகுதான் நின்று பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. குப்புறப் படுக்க முடிகிறது. படி இறங்கும்போது கை தானாக நெஞ்சைப் பிடிப்பது நின்றுவிட்டது. கையைத் தூக்கினால் இடது பக்கம் வலதைவிட அரை விரல் தாழ்வாக நிற்கிறது. அது இருக்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், வேண்டுமானால் சின்னதாக ஒரு திருத்தம் செய்யலாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றேன். புதுக் கார்டைப் பழைய போட்டோவோடு ஒரே கவரில் போட்டுவைத்திருக்கிறேன். இம்ப்ளான்ட்டில் கிழிசல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் ஸ்கேன் ஐந்தாவது வருஷம். கவரின் மேலேயே அந்த வருஷத்தை எழுதியாகிவிட்டது.